பரீதின் பெயர் அழியாத ஏடு

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் குடிகாட்டை அடுத்த ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், வளைகுடா நாடொன்றில் பணிபுரிந்து வருகிறார். அவருடன் ஒரே அறையில் வசிப்பவர் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். அண்மையில் அவ்விளைஞர் நமக்கு எழுதிய மடலில் ஓர் ஐயத்தை வெளியிட்டிருந்தார். விடியற்காலையில் அந்தச் சர்தார்ஜி தம் கைப்பேசியில் ஒலிக்கவிடும் பாடல்களில் ‘மஸீத்’, ‘உஜூ’, ‘நிவாஜ்’ என்னும் சொற்கள் வருகின்றனவாம். அவை பள்ளிவாசலையும் ஒளுவையும் தொழுகையையும் குறிப்பன என்று கேட்டறிந்தபோது அவர் திகைத்துப் போனாராம். பிற சமயத்தார் தம் மறைநூலில் நம் தொழுகையை எதற்காகப் பாடவேண்டும்? புகழ்கிறார்களா, பழிக்கிறார்களா? அதைக் கேட்டுக்கொண்டிருப்பது நமக்குத் தகுமா? இவையே அவர் வினாக்கள்.

அஞ்சலட்டை ஒன்றிலேயே விடை எழுதி முடித்திருக்கலாம். அவர் கேட்ட பாடல் சீக்கியர் எவரும் இயற்றியதன்று. குருநானக் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்த ஷைகு பரீதுத்தீன் கஞ்சே ஷகர் (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்குவது. அதைச் சீக்கியர் தம் மறைநூலில் வைத்துப் போற்றுகின்றனர். இவ்வளவே செய்தி. ஆயினும் அவ்வினா நம் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்துக்கொண்டது. மதரஸாவில் ஓதியவர், கல்லூரியில் பயின்றவர், அஜ்மீர் காஜா நாயகத்தின் பெயரைச் சிறு வயது முதலே கேட்டு வளர்ந்தவர் அவர். அந்தக் காஜா நாயகத்தின் பேர்சீடரும், டில்லி நிஜாமுத்தீன் அவுலியாவின் குருநாதருமான பெரியார் ஒருவரின் வாக்கு, வேறொரு சமயத்தாரின் மறையில் பள்ளியையும் தொழுகையையும் சொல்லிக்கொண்டே நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓதப்பட்டு வருகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. குறை அவருடையதன்று. நம்மைப் போன்று ஏடுகளில் எழுதிக்கொண்டிருப்போருடையது.

குருநானக் பிறந்தநாள் வரும்போதெல்லாம் நம் இதழ்களில் வெளிவந்த கட்டுரைகளை எடுத்துப் புரட்டிப் பார்க்கட்டும். நானக் மக்கா சென்று வந்தார். அவர் பாடும்போது ரபாப் இசைத்த மர்தானா ஒரு முஸ்லிம். அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு அடிக்கல் நாட்டியவர் லாகூர் மியான் மீர் (ரஹ்). ஆகவே சீக்கியம் என்பது இஸ்லாத்தின் பந்தலில் படர்ந்த கொடியே. பத்தி மாறும், தலைப்பு மாறும், செய்தி மாறுவதில்லை. நாமும் இவ்வாறு எழுதியதுண்டு. அதனால்தான் இத்தனை உறுதியாகச் சொல்ல முடிகிறது. இவற்றுள் மக்கா யாத்திரையும் மியான் மீரின் அடிக்கல்லும் பிற்கால மரபு தந்த செய்திகள். மர்தானா ஒருவரே வரலாற்றின் கண்முன் ஐயமின்றி நிற்பவர். அது போகட்டும். மூன்றும் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அவற்றால் நாம் அடைவது என்ன? நம் வீட்டுப் பெருமையைப் பிறர் வீட்டுத் திண்ணையில் கண்டு மகிழ்கிறோமேயன்றி, அவ்வீட்டார் என்ன சொல்கின்றனர் என்று காது கொடுக்கவில்லை. இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு கூட்டத்தார் இருக்கின்றனர். பரீது சமயங்கடந்த ஞானி என்று பாராட்டி, பாராட்டும் கையாலேயே அவரிடமிருந்து ஒளுவையும் தொழுகையையும் கழற்றிவிடுகிறவர்கள் அவர்கள். இரு சாராரும் செய்யாத செயல் ஒன்றே: பரீதின் பாடல்கள் அந்த ஏட்டில் எவ்வாறு இடம்பெற்றுள்ளன என்று திறந்து பார்ப்பது.

ஆதி கிரந்தத்தைத் தொகுத்தவர் ஐந்தாம் குருவாகிய அர்ஜன். ஆண்டு 1604. அவர் சொல்ல ஏட்டில் எழுதியவர் பாயி குருதாஸ். இன்று 1430 பக்கங்களாக அச்சாகும் அந்நூலில் குருமார் அறுவரின் பாடல்களோடு, குருமார் அல்லாத அடியார் பலரின் பாடல்களும் உள்ளன. நெசவாளியாகிய கபீர், தோல் தொழிலாளியாகிய ரவிதாஸ், மராட்டிய நாட்டு நாமதேவர், இறைச்சிக் கடைக்காரர் சதனா, நாவிதர் சைன் ஆகியோரின் வரிசையில் ஷைகு பரீதும் இருக்கிறார். ராகங்களின் கீழ் நான்கு பாடல்களும், நூலின் இறுதிப் பகுதியில் ‘ஷைகு பரீதின் சுலோகங்கள்’ என்று தனித் தலைப்பிட்ட ஒரு தொகுதியும் அவருக்கு உரியன. அத்தொகுதியில் எண்ணிட்ட சுலோகங்கள் 130. அவற்றுள் 112 பரீதுடையவை என்றும் எஞ்சிய 18 குருமாருடையவை என்றும் கணக்கிடுவர். பரீதின் பெயரிட்ட தொகுதிக்குள் குருமாரின் சுலோகங்கள் ஏன் புகுந்தன என்பதே இக்கட்டுரையின் உயிர்நாடி. அதற்கு முன் பரீதின் பாட்டைச் சிறிது சுவைத்துப் பார்ப்போம்.

பரீதின் சுலோகங்கள் பெரும்பாலும் ஈரடிகள். அவை காட்டும் உலகம் வறண்ட பஞ்சாபின் உலகம். ஆற்றங்கரையில் வேர் அரிக்கப்பட்டு நிற்கும் மரம், குளத்தில் இரை தேடும் கொக்கின்மேல் எதிர்பாராமல் பாயும் பருந்து, மெலிந்த உடலைக் கொத்தும் காகம் ஆகியவை மாறி மாறி வருகின்றன. அந்தக் காகத்திடம் அவர் வேண்டுவது ஒன்றே: உடலை என்ன வேண்டுமாயினும் செய்துகொள், அன்பனைக் காணும் ஆசையோடு காத்திருக்கும் இவ்விரு கண்களை மட்டும் விட்டுவிடு என்கிறார். தம் ரொட்டி மரத்தைப் போன்று வறண்டது, ஆனாலும் பசியாற்றுவது என்கிறார். பிறர் தட்டில் உள்ள நெய் ரொட்டியைப் பார்த்து ஏங்காதே என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். நம் இல்லங்களில் மூத்தோர் நோன்பு நாட்களில் பேசும் குரலும் இதுவேயன்றோ!

தொகுதியின் முதற் சுலோகத்தைப் பார்த்தால் அது ஒரு மய்யித்து வீட்டில் நிற்பது போன்ற உணர்வைத் தரும். உயிரை மணப்பெண்ணாக உருவகிக்கிறார். மணநாள் முன்னரே குறிக்கப்பட்டுவிட்டது. கேள்விப்பட்டிருந்த மலக்கு வந்து முகங்காட்டுகிறார். மயிரினும் மெல்லிய பாலத்தைக் கடந்தாக வேண்டும். உயிரைக் கைப்பற்ற வரும் மலக்குல் மவ்த்தையும், ஸிராத்துப் பாலத்தையும் விளக்கவுரை ஏதுமின்றி அறிந்துகொள்ளும் வாசகர் நாம். மேலும் 70, 71, 72 ஆகிய மூன்று சுலோகங்களே நம் இளைஞரின் காதில் விழுந்தவை. ஐவேளையும் பள்ளிக்கு வாராதவனைத் தொழுகையற்ற நாயென்று கடிகிறார் பரீது. எழுந்திரு, ஒளுச் செய், வைகறைத் தொழுகையை நிறைவேற்று என்று எழுப்புகிறார். இறைவன்முன் தாழாத தலை அடுப்பெரிக்கத்தான் ஆகும் என்று சினக்கிறார். நம் ஜும்ஆ மேடைகளிற்கூட இத்தனை கடுமையாகப் பேச எவரும் துணியார். இச்சுலோகங்கள் ஒரு சொல்லும் மாறாமல் கிரந்தத்தில் இருக்கின்றன. ‘மஸீத்’ என்றிருந்த இடத்தில் ‘கோயில்’ என்றோ, ‘நிவாஜ்’ என்றிருந்த இடத்தில் ‘வழிபாடு’ என்றோ எவரும் மாற்றிவைக்கவில்லை.

இனிக் குருமாரின் சுலோகங்களுக்கு வருவோம். அவை பரீதுக்குக் கூறும் மறுமொழிகள். எங்கெல்லாம் பரீதின் கூற்றில் ஒரு சொல் கூடுதலாகவோ, மனம் தளர்ந்தோ ஒலிப்பதாகக் குருமார் கருதினரோ, அங்கெல்லாம் அச்சுலோகத்தை வெட்டாமலும் திருத்தாமலும், அதன் அடியிலேயே தம் கருத்தைத் தனிச் சுலோகமாக எழுதி வைத்தனர். சீக்கிய குருமார் அனைவரும் பாடலில் ‘நானக்’ என்றே கையொப்பமிடுவர். எந்தக் குரு என்பதை ‘மஹலா’ என்னும் எண் காட்டும். ஆகவே எது பரீதுடையது, எது மூன்றாம் குருவுடையது என்று வாசிப்போர் பிரித்தறிய முடிகிறது.

தலைமயிர் கருத்திருந்த நாளில் இறைவனை நாடாதவன் நரைத்தபின் நாடுவது அரிது என்று பரீது வருந்துகிறார். மூன்றாம் குரு அமர்தாஸ், பரீதைப் பெயர் சொல்லி அழைத்தே விடையிறுக்கிறார்: மயிர் கருத்தாலும் வெளுத்தாலும் இறைவன் என்றும் அருகிலேயே உள்ளான், அன்பு என்பது நாம் முயன்று ஈட்டுவதன்று, அவன் விரும்பியவர்க்கு அளிப்பது என்கிறார். வேறோரிடத்தில், இறையன்பில் தோய்ந்தவரின் உடலைக் கீறினால் ஒரு துளி இரத்தமும் வாராது என்கிறார் பரீது. உடல் என்பதே இரத்தத்தால் ஆனதுதானே, அஃதின்றி உடல் ஏது, அவர்களிடம் இல்லாதது பேராசை என்னும் இரத்தமே என்று அமர்தாஸ் திருத்தம் கூறுகிறார். பரீதின் கவிதை வேகத்துக்கு இது சற்றே தமிழாசிரியர் உரை போன்று தோன்றுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பாட்டின்பத்தில் அங்குப் பரீதே வெல்கிறார்.

மூன்றாவது இடம் நம் நெஞ்சைத் தொட்டது. பட்டாடையைக் கிழித்தெறிந்து கம்பளி உடுப்பேன், எந்தக் கோலம் என்னை என் தலைவனிடம் சேர்க்குமோ அதையே மேற்கொள்வேன் என்பது பரீதின் 103ஆம் சுலோகத்தின் பொருள். அடுத்த சுலோகத்தில் அமர்தாஸ், ஆடையைக் கிழிப்பதும் கம்பளி உடுப்பதும் எதற்கு, ‘நீஅத்’ செவ்வையாக இருந்தால் வீட்டில் அமர்ந்தபடியே தலைவனை அடையலாம் என்கிறார். அந்தச் சொல்லைக் கவனிக்கவேண்டும். நாம் நோன்புக்கும் தொழுகைக்கும் வைக்கும் நிய்யத்தே அது. ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸ் எதைப் பற்றியது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். பரீதை மறுப்பதற்குச் சீக்கிய குரு வெளியிலிருந்து ஓர் ஆயுதத்தைக் கொண்டுவரவில்லை; பரீதின் மார்க்கம் தந்த சொல்லையே எடுத்து அவர்முன் வைக்கிறார்.

இதே போக்கில் வருவது 119, 120ஆம் சுலோகங்களின் உரையாடல். உடல் தந்தூர் அடுப்பாய்க் காயட்டும், எலும்புகள் விறகாய் எரியட்டும், கால் ஓய்ந்தால் தலையால் நடப்பேன் என்று பரீது சூளுரைக்கிறார். அடுத்து நிற்பதும், கிரந்தத்தில் பிறிதோரிடத்தில் முதற் குரு நானக்கின் பெயரில் வருவதுமாகிய மறுமொழி, உடலை அவ்வாறு வாட்டாதே, தலையும் காலும் செய்த குற்றம் என்ன, தலைவனை உள்ளே பார் என்கிறது. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த தோழரை அழைத்து, உம் உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்ற கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய நிகழ்ச்சியை ஓதியுள்ள நாம், இவ்விவாதத்தில் எப்பக்கம் நிற்போம்? பரீது நம்மவர் என்பதற்காக அவர் பக்கமே நிற்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

மறுமொழிகள் எங்கெங்கே வருகின்றன என்று பார்த்துவிட்டு, எங்கே வரவில்லை என்பதையும் பார்த்தோம். பள்ளியையும் ஒளுவையும் தொழுகையையும் வற்புறுத்தும் அம்மூன்று சுலோகங்களின் கீழே குருமாரின் மறுப்பு ஏதும் இல்லை. பரீது தம்மை வருத்திக்கொள்ளும்போதுதான் அவர்கள் குறுக்கிடுகின்றனர். அவர் தொழச் சொல்லும்போது வாளாவிருக்கின்றனர்.

இதைக் கொண்டு குருமார் நம் தொழுகையை ஏற்றனர் என்று எழுதிவிடக் கூடாது. அவ்வாறு எழுதினால் மேலே நாம் கண்டித்த பிழையை நாமே திரும்பச் செய்தவராவோம். அதே கிரந்தத்தின் மாஜ் ராகப் பகுதியில் நானக், கருணையைப் பள்ளியாகவும் நம்பிக்கையைத் தொழுகை விரிப்பாகவும் நேர்மையான ஈட்டத்தை மறையாகவும் கொள்ளச் சொல்கிறார்; ஐவேளைத் தொழுகைக்கு வாய்மை, ஹலாலான உழைப்பு, ஈகை என்று வேறு பெயர்கள் சூட்டுகிறார். வெளிச்சடங்கை மட்டும் பேணும் முல்லாவையும் பிராமணரையும் அவர் ஒருங்கே இடித்துரைக்கிறார். மேலும், இறைவன் ஒருவன், உருவமற்றவன், பிறவாதவன் என்னும் அவர்களின் மூலமந்திரத்தைக் கேட்டு நம் நெஞ்சம் குளிர்ந்தாலும், வினையையும் மறுபிறப்பையும் அவர்கள் நம்புகின்றனர். நபித்துவம் முத்திரையிடப்பட்டது என்னும் நம் ஈமானில் அவர்களுக்குப் பங்கில்லை. ஏட்டின்முன் அவர்கள் தலைதாழ்த்துவதை நாம் செய்ய இயலாது. நானக்கின் அந்த மாஜ் ராகப் பாடலுக்கு நம் மறுமொழியை இங்கேயே குறித்து வைக்கிறோம்: கருணையும் வாய்மையும் இல்லாத தொழுகை உயிரற்றது என்பதை ஏற்கிறோம், ஆயின் உயிர் வேண்டும் என்பதற்காக உடலை வேண்டாமென்று சொல்வதில்லை. பரீதும் அவ்வாறு சொல்லவில்லை. நானக்கின் சொல்லைச் சிதைக்காமல் முன்னே சொன்னோம். நம் சொல்லை அதன் கீழே வைத்தோம். இந்த முறையை நாம் கற்றதே அவர்களின் ஏட்டிலிருந்துதான்.

இப்பாடல்கள் உண்மையில் பரீதுடையவைதாமா என்ற வினாவையும் ஆய்வாளர் எழுப்பியுள்ளனர். 1909இல் ஆறு தொகுதிகளாகச் சீக்கிய சமய வரலாற்றை வெளியிட்ட மக்காலிஃப், இவை பரீதின் வழிவந்தவரும் நானக்கின் காலத்தவருமான ஷைகு இப்ராகீம் பாடியவை என்று கருதினார். அலிகார் பேராசிரியர் கலீக் அஹ்மத் நிஜாமி, 1955இல் வெளியிட்ட பரீதின் வாழ்க்கை வரலாற்றில், சிஷ்தியாப் பெரியோரின் பழைய பதிவுகளில் இத்தகைய தொகுதி பற்றிக் குறிப்பில்லை என்று கூறி ஐயுற்றார். அந்த ஐயத்தை நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. ஆயினும் வாய்மொழியாக வழங்கிய பாடல் இருநூறு முந்நூறு ஆண்டுகளில் மொழி மாறி வருவது இயல்பு. இப்ராகீமே பாடியிருப்பினும் அவரும் பாக்பத்தன் பீடத்தில் அமர்ந்த ஷைகுதாம், தொழுகையாளிதாம். தொகுத்தவர்கள் ஒரு முஸ்லிம் வலியின் வாக்கு என்று அறிந்தே அதை ஏட்டில் ஏற்றினர் என்பதில் மாற்றமில்லை.

அறிந்தே ஏற்றினர் என்பதைவிட, அறிந்தே வைத்துக்கொண்டனர் என்பது பெரிது. இங்கே நம் இதழ்கள் பெரும்பாலும் விழுங்கிவிடும் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். கிரந்தத்தைத் தொகுத்த குரு அர்ஜன், தொகுத்து இரண்டாண்டு கழிவதற்குள், 1606இல், ஜஹாங்கீரின் ஆணையால் லாகூரில் வதைபட்டு உயிர்நீத்தார். ஒன்பதாம் குரு தேக் பகதூர், ஔரங்கசீப்பின் ஆட்சியில் 1675இல் டில்லியில் தலை வெட்டுண்டார். அவர் மைந்தர் கோவிந்த் சிங்கின் இளஞ்சிறார் இருவர் சர்ஹிந்து ஆளுநன் வஸீர்கானின் ஆணையால் கொல்லப்பட்டனர். சிறுவரைக் கொல்வது மார்க்கமன்று என்று அந்த அவையில் குரல் கொடுத்தவர் மாலேர்கோட்லா நவாப் ஷேர் முஹம்மது கான். அந்நன்றியைச் சீக்கியர் இன்றும் மறக்கவில்லை. 1947இல் பஞ்சாபெங்கும் குருதி ஓடியபோது மாலேர்கோட்லா தப்பியதற்கு அதுவே காரணம் என்பர்.

தந்தையையும் மக்களையும் இழந்த அந்தக் கோவிந்த் சிங்கே கிரந்தத்துக்கு இறுதி வடிவம் கொடுத்தவர். தம் தந்தையின் பாடல்களை அதில் சேர்த்தார். 1708இல் நாந்தேடில் தம் காலத்துக்குப்பின் அந்நூலே குரு என்று அறிவித்தார். தம் குடும்பத்தை அழித்தவர்கள் எந்தப் பெயரைச் சொல்லி ஆண்டார்களோ, அந்த மார்க்கத்துப் பெரியாரின் பாடல்கள், மஸீதும் நிவாஜும் மலக்கும் ஸிராத்துமாக, அந்த ஏட்டில் இருந்தன. ஒரு சுலோகத்தையும் அவர் நீக்கவில்லை. நீக்கியிருந்தால் அன்று கேட்பார் யாருமில்லை. அந்த நிலையில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தோம். அந்த எண்ணம் இனிமையாக இல்லை.

பஞ்சாபை விட்டு நம் பக்கத்துக்குத் திரும்புவோம். குடிகாட்டிலிருந்து வடக்கே சில மைல் தொலைவில் மஞ்சக்குப்பம் இருக்கிறது. தெய்வப் பாடல் எது என்ற வழக்கின் சூடு நீதிமன்றம் ஏறிய ஊர் அது. வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867இல் ‘திருவருட்பா’ என்னும் பெயரில் அச்சாயின. தேவார திருவாசகங்களுக்கு உரிய பெருமையை நம் காலத்தவர் ஒருவரின் பாட்டுக்கு அளிப்பதா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வெகுண்டார். அருட்பா என்றும் மருட்பா என்றும் துண்டறிக்கைகள் பறந்தன. 1869இல் பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கு வந்தது. அன்றைய வழக்கு நாளில் நடந்தவை பற்றி ஆளுக்கொரு கதை சொல்வர். அவற்றுள் நாம் புகவில்லை. ஒரே சமயத்தார், ஒரே மொழியார், ஒரே இறைவனைப் பாடியவர் ஆகிய இருவரிடையே, ஒருவர் பாடலுக்கு ‘அருள்’ என்னும் அடைமொழி தகுமா என்பதைத் தீர்க்க முடியாமல் போயிற்று என்பதே நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது.

அப்பூசல் அடுத்த தலைமுறையிலும் ஓயவில்லை. நாவலர் வழிவந்த கதிரைவேற் பிள்ளை மீண்டும் எதிர்ப்பைக் கிளப்பியபோது, அருட்பா அருட்பாவே என்று மேடையேறி நிறுவியவர்களுள் ஒருவர் கோட்டாறு இடலாக்குடியில் 1874இல் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். உமறுப்புலவரின் சீறாவுக்கு உரை கண்ட அதே பாவலர்தாம். தம் ஈமானை இம்மியும் விட்டுக்கொடுக்காத ஒரு முஸ்லிம், சைவ மரபில் வந்த ஒருவரின் பாடலைச் சைவரிடமிருந்தே காத்து நின்றார். வள்ளலாரும் இஸ்லாமும் ஒன்றே என்று அவர் வாதிடவில்லை. பாடலைப் படித்தார், அதில் என்ன இருக்கிறதென்று சொன்னார்.

சாலையில் தெற்கே சென்றால் பரங்கிப்பேட்டை. சீதக்காதி வள்ளலுக்குப்பின் உமறுப்புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் அரங்கேறத் துணைநின்ற அபுல் காசிம் மரைக்காயரின் ஊர். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது அவ்வூர் ஜமாஅத்தார் சுற்றுப்புற மீனவ மக்களுக்குச் சோறும் தங்கிடமும் அளித்ததை நாடறியும். அதற்கு அப்பால் கிள்ளையில், மாசிமகத் தீர்த்தவாரிக்கு வரும் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாளைத் தைக்கால் தர்காவைச் சேர்ந்தோர் எதிர்கொண்டு மரியாதை செய்வது நெடுநாள் வழக்கம். (அதன் மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறோம்.) தெருவில் காட்டும் கண்ணியத்துக்கு எம் வட்டாரத்தில் என்றுமே பஞ்சமில்லை. பெருநாளன்று பிரியாணி போகும்; பொங்கலன்று கரும்பு வரும். ஆனால் பிரியாணி அனுப்பும் வீட்டார் தேவாரத்தில் ஒரு பதிகத்தை முழுதாகப் படித்ததில்லை. கரும்பு அனுப்பும் வீட்டார் சீறாவின் ஒரு படலத்தையும் கேட்டதில்லை. பரீதும் அமர்தாஸும் முந்நூறு ஆண்டு இடைவெளியில் ஒரே ஏட்டில் நிகழ்த்திய உரையாடல் இங்கே தொடங்கவேயில்லை. தொடங்கினால் கசப்பு வருமோ என்று அஞ்சுகிறோம். மஞ்சக்குப்பத்து நினைவு அந்த அச்சத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

சீக்கியரிடமும் ஒரு குறையைச் சுட்டாமல் விடுவது நேர்மையாகாது. மர்தானாவின் மரபில் வந்த ரபாபிகள், முஸ்லிம்களாகவே இருந்துகொண்டு, பொற்கோயிலில் தலைமுறை தலைமுறையாகக் கிரந்தப் பாடல்களை இசைத்து வந்தனர். 1947இல் நாடு பிளவுற்றபோது அவர்கள் எல்லைக்கு அப்பால் போயினர். இன்று சீக்கியரின் ஒழுகலாற்று நூல், சபையில் கீர்த்தனம் பாடுவோர் சீக்கியராகவே இருக்கவேண்டும் என்று வகுத்துள்ளது. ஒரு சமுதாயம் தன் வழிபாட்டு ஒழுங்கைத் தானே வகுத்துக்கொள்ள உரிமையுடையதே. நம் பள்ளியில் யார் இமாமத் செய்வது என்பதைப் பிறர் சொன்னால் நாம் ஏற்போமா? ஆயினும், ஷைகு பரீதின் சுலோகம் பாடப்படும் இடத்தில், பரீதைப் போன்று கலிமாச் சொன்ன குடும்பத்தில் வந்த பாணர் அமர்ந்து அதைப் பாட இயலாது என்பது நம் மனத்தை உறுத்துகிறது. சீக்கிய அறிஞரிடையிலும் இது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. நம் வருத்தத்தை அவர்களின் சொல்லுக்குக் கீழே குறித்து வைக்கிறோம்.

மடல் எழுதிய இளைஞருக்கு இவ்விதழின் படியொன்றை அனுப்புகிறோம். பரீதின் 103ஆம் சுலோகத்தையும் அதன் அடுத்ததையும் ஒன்றாக ஒலிக்கவிடுமாறு தம் அறைத்தோழரைக் கேட்கவும், ‘நீஅத்’ என்னும் சொல் காதில் விழுந்ததும் அதன் பொருளைச் சர்தார்ஜி எவ்வாறு விளக்குகிறார் என்று அறிந்து எழுதவும் அவரை வேண்டியிருக்கிறோம்.